விளக்கு வருகிற நாற்பத்தேழு இடங்கள்

என் மாமா குழாய் ரிப்பேர் செய்பவர். எந்த வீட்டுச் சுவருக்குள் எந்தக் குழாய் எப்படி வளைந்து போகிறது என்பது அந்த வீட்டுக்காரரைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவரின் முனையைச் சுவரில் வைப்பார், கைப்பிடியைக் காதில் வைப்பார், கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு நிமிஷம் கழித்து, "இங்கதான்" என்பார். இடித்துப் பார்த்தால் அங்கேதான் ஒழுகிக்கொண்டிருக்கும்.

சுவரோடு இவ்வளவு நெருக்கமாகப் பழகியவருக்கு மனிதர்களோடு பேச வராது. முக்கியமாக அத்தையோடு. அத்தை என் அப்பாவின் அக்கா. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் மாமா அத்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. பெயர் வேண்டாம், ஒரு "ஏய்" கூடக் கிடையாது. எங்கேயோ காற்றைப் பார்த்து, "கேக்குதா?" என்பார். அத்தைக்குக் கேட்கும். பதிலுக்கு அத்தை இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவாள்.

என்னைப் பற்றியும் ஒரு வரி. வீட்டில் எனக்கு வாலு என்று பெயர். பெண் பிள்ளைக்கு இப்படியா பெயர் வைப்பது என்று கேட்பவர்கள் என்னோடு ஒரு நாள் இருந்து பார்க்கலாம். பத்தாம் வகுப்பில் நானும் கணக்குப் பாடமும் பேசிப் பார்த்து, ஒத்துவராமல் பிரிந்துவிட்டோம். இப்போது கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறேன். மாமாவின் புத்தகம் என் கைக்கு வந்தது அப்படித்தான்.

அந்தப் புத்தகத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டிதான் காரணம். ஐந்து மாடிக் கட்டடம், மொட்டை மாடியில் சிமெண்ட் தொட்டி. மாமா அதைக் கழுவ உள்ளே இறங்கினார். கயிற்று ஏணியின் முடிச்சு அவிழ்ந்து, ஏணியும் அவரோடு சேர்ந்து உள்ளே விழுந்தது. முட்டுக் கொடுத்திருந்த மூடியும் காற்றில் சாத்திக்கொண்டது. டார்ச் வெளியே மாட்டிக்கொண்டது, மாமா உள்ளே. பட்டப்பகலில் மூன்று மணி நேரம் கும்மிருட்டு.

வேறு யாராவது என்றால் கத்தியிருப்பார்கள். மாமா உட்கார்ந்துவிட்டார். வாழ்க்கை முழுக்க ஒழுகுகிற சத்தத்தையே தேடிய காது அது. முதல் தடவையாக ஒரு சொட்டுச் சத்தம்கூட இல்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த அமைதிக்குள் தன்னைத் தவிர இன்னொருவர் இருந்ததாக மாமா சொல்கிறார். யார் என்று கேட்டால் மேலே பார்ப்பார். நான் எல்லாவற்றையும் கிண்டல் செய்வேன். இதை மட்டும் செய்ததில்லை.

வெளியே வந்தவர் எழுத ஆரம்பித்தார். வீடுகளில் போய் எழுதிக்கொள்கிற புகார்ச் சீட்டுகள் கட்டுக் கட்டாக இருந்தன. அவற்றின் பின்பக்கத்தில், எட்டு மாதம். தொட்டியில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போய், அப்பாவிடம் வேலை கற்றது, சாக்கடையில் இறங்கியது, கடவுளைத் திட்டியது, கடவுளிடம் மன்னிப்புக் கேட்டது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசி அத்தியாயத்தில் மறுபடி தொட்டிக்கே வந்து சேர்ந்திருந்தார். "சும்மா டைப் அடிச்சுக் குடு வாலு. யாருக்கும் காட்டாத," என்றார். நான் அன்றைக்கே காட்டிவிட்டேன்.

யாருக்கு என்றால், சலவைக் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடுகிற ஆன்மிக வாசிப்புக் கூட்டத்துக்கு. கீழே இஸ்திரி ஆவி, மேலே ஞானம். தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். மணி என்ன என்று கேட்டால்கூட, "காலம் என்பதை இங்கே எப்படிப் புரிந்துகொள்வது என்றால்" என்று தொடங்குவார். அதனால் நான் அவருக்கு அடிக்குறிப்பு என்று பெயர் வைத்திருக்கிறேன். முன்வரிசையில் மருந்துக்கடை அக்கா. எந்தப் புத்தகத்துக்கும் அழுவார், பொருளடக்கத்துக்கே அழுததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் டைப் அடிக்க அடிக்க, அவர்கள் மாமாவின் புத்தகத்தை வாரம் ஓர் அத்தியாயமாகப் பிரித்து மேய ஆரம்பித்தார்கள். மாமாவையும் கூட்டிப் போய் நடுவில் உட்காரவைத்தார்கள். நான்காம் அத்தியாயம் முழுக்க ஓர் எலி. ஒரு ஆஸ்பத்திரிச் சாக்கடையில் மாமா ஆறு நாள் துரத்திய எலி.

"இந்த எலிதான் ஆசை," என்றார் அடிக்குறிப்பு. "அடைத்த இடத்தை விட்டு வேறு இடத்தில் வருகிறது பாருங்கள்."

"அது எலிதாங்க," என்றார் மாமா.

"உங்களுக்கு அது எலி. படிக்கிறவனுக்கு?"

மாமா யோசித்தார். "படிக்கிறவங்களுக்கும் எலின்னுதாங்க நெனச்சேன்."

இது எனக்குப் போதுமானதாக இருந்தது. ஐந்தாம் அத்தியாயத்தை டைப் அடிக்கும்போது ஒரு சீட்டின் பின்பக்கத்தை மட்டும் அடிக்காமல் முன்பக்கத்தையும் நடுவில் சேர்த்துவிட்டேன்: 'மூன்றாம் மாடி. இடைவிடாத ஒழுகல். உடனே வரவும்.' ஞாயிற்றுக்கிழமை அதற்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கப்பட்டது. முதல் மாடி உடம்பு, இரண்டாம் மாடி மனம், மூன்றாவது ஆத்மா. ஒழுகுவது ஆயுள். 'உடனே வரவும்' என்று யார் யாரை அழைப்பது என்பதில் இரண்டு கட்சி பிரிந்தது. மருந்துக்கடை அக்காவுக்குக் கைக்குட்டை போதவில்லை, துண்டு கேட்டு வாங்கினார்.

திரும்பி வரும்போது மாமா மெதுவாகக் கேட்டார். "அந்த மூணாம் மாடி நான் எழுதினதா வாலு?"

"உங்க கையெழுத்துதான் மாமா. சத்தியமா."

"அப்ப ஏதோ ஒரு நெலையில எழுதியிருக்கேன்," என்றார் மாமா. கொஞ்ச தூரம் நிமிர்ந்து நடந்தார்.

இப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அத்தையும் எல்லா வாரமும் வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். அத்தை பேசாமல் இருப்பது நல்லதுக்கில்லை என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

கடைசி அத்தியாயத்தை மாமாவே வாசித்தார். தொட்டி. இருட்டு. அமைதி. பிறகு: "மேலே ஒரு வட்டம் திறந்தது. விளக்கு தோன்றியது. ஏன் இன்னும் உள்ளேயே இருக்கிறாய் என்று கேட்டது. நான் ஏறி வந்தேன்."

"ஏன் இன்னும் உள்ளேயே இருக்கிறாய்!" என்று அடிக்குறிப்பு கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொன்னார். "எவ்வளவு பெரிய கேள்வி! பேரொளியே இறங்கி வந்து கேட்கிறது. அடுத்த மாதம் இந்தப் புத்தகத்தை நாமே அச்சடிக்கிறோம்!"

கைதட்டினார்கள். அத்தை எழுந்தாள். குடையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு விறுவிறுவென்று படி இறங்கினாள். மாமாவும் நானும் பின்னால் ஓடினோம். சலவைக் கடை வாசலில், உறை போட்ட கோட்டுகளுக்கு நடுவில் நின்று திரும்பினாள்.

"பேரொளியா? அஞ்சு மாடி ஏறிப் போய், அந்த மூடியைத் தள்ளித் திறந்து, கீழ கெடந்த டார்ச்சை எடுத்து அடிச்சு, 'ஏன் இன்னும் உள்ளயே இருக்கீங்க'ன்னு கேட்டது யாரு? வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கயிறு போட்டது யாரு?"

மாமா கோட்டுகளைப் பார்த்தார்.

"எண்பது பக்கம்! எலி இருக்கு. அடைப்பு இருக்கு. உங்கப்பா இருக்காரு, அவரோட சைக்கிள் இருக்கு. நான் எங்க இருக்கேன்? இருபத்தெட்டு வருஷம் நான் அந்த வீட்டுல இருந்தேனா இல்லையா?"

மாமா வாயைத் திறந்தார். தண்ணீர் நின்றுபோன குழாய் மாதிரி கொஞ்சம் காற்று மட்டும் வந்தது.

"நான் இருந்தேன்னு உங்க வாயால சொல்லுற அன்னைக்கு வீட்டுக்கு வர்றேன்," என்று சொல்லிவிட்டு அத்தை நேராக எங்கள் வீட்டுக்கு வந்து என் கட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

என் கட்டில் ஒருவருக்கானது. அத்தை ஒன்றரை ஆள். எனக்குச் சுவரோரம் ஒரு சாண் கிடைத்தது. மூட்டுத் தைலம் தடவிக்கொண்டு, மாமாவின் குற்றங்களைத் தலையணைக்கு வருஷவாரியாகச் சொல்லுவாள். சொல்லி முடித்துவிட்டு, "கத்தரிக்கோல், ஸ்பேனர் எல்லாம் எங்க வச்சோம்னே தெரியாது அந்த மனுஷனுக்கு. எப்படி வேலைக்குப் போறாரோ," என்பாள். அப்புறம் மூக்கை உறிஞ்சுவாள். தைலத்தின் காரம் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் மாமாவைத் தேடிப் போனேன். முடி திருத்தும் கடையின் பின்கட்டில், தலை கழுவுகிற தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. மாமாவிடம் மனசுவிட்டுப் பேசவேண்டுமானால் அதுதான் சரியான நேரம். முகம் வெளியே இருந்தால் பேசமாட்டார்.

"அத்தை புத்தகத்துல இல்லைங்கறதுதான் மாமா கோவம். ஒரு வரி சேத்துடலாமா?"

ஸ்பேனர் சத்தம் நின்றது. "அவ இருக்கா," என்றது தொட்டி.

"எந்தப் பக்கத்துல?"

"எல்லாப் பக்கத்துலயும்தான். வெளக்குன்னு போட்டிருக்கேன்ல?"

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "மனைவின்னே போட்டிருக்கலாமே மாமா?"

"நாலு பேர் படிக்கறது. வெக்கமா இருக்காதா?"

"அப்ப வெளக்குன்னு வர்றதெல்லாம் அத்தையா?"

"எல்லாமும் இல்ல. சிலது டார்ச்சு."

"டார்ச்சுக்கு டார்ச்சுன்னு போடவேண்டியதுதானே?"

"சாமி புத்தகத்துல போயி டார்ச்சு கீர்ச்சுன்னு எழுதுவாங்களா? நல்லாவா இருக்கும்?"

"சரி. எது டார்ச்சு, எது அத்தை?"

தொட்டிக்கு அடியில் நெடுநேரம் யோசனை நடந்தது. "அந்த டப்பால சின்ன வாஷர் ஒண்ணு இருக்கும், எடு," என்றார் மாமா. அதற்குமேல் அந்தப் பேச்சு ஒழுகவில்லை.

வீட்டுக்குப் போய் அத்தையிடம் சொன்னேன். "நான் வெளக்காமா?" என்றாள். "நீயே கதை கட்டிக்கிட்டு வந்து சொல்லுறியா? அவர் வாயில என்ன முத்தா இருக்கு, கொட்டிடுமா? அவரே சொல்லட்டும்."

அவர் வாயால். சரி என்று கடைக்குப் போய் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஒரு சொல்லைத் தேடி வேறொரு சொல்லாக மாற்றுகிற வசதி அதில் இருக்கிறது. 'விளக்கு' என்று தேடச் சொன்னேன், 'என் மனைவி' என்று மாற்றச் சொன்னேன். நாற்பத்தேழு இடங்களில் மாற்றிவிட்டேன் என்றது. அது மாற்றிய லட்சணத்தை நானே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சரிசெய்தேன். அந்த உழைப்பில் பாதியைப் பள்ளிக்கூடத்தில் காட்டியிருந்தால் இன்றைக்கு நான் கணக்கோடு குடும்பம் நடத்திக்கொண்டிருப்பேன்.

குறும்புக்குத்தான் செய்தேன். பாதிக்குமேல் குறும்புதான்.

அந்த ஞாயிறு, அச்சுக்குப் போகும் முன் கடைசி வாசிப்பு. மேஜையில் மாமாவுக்காக என் பிரதியை வைத்தேன். "வந்து உன் குடையை எடுத்துக்கோ, இல்லன்னா அந்த மருந்துக்கடை அக்கா கொண்டுபோயிடும்," என்று சொல்லி அத்தையை இழுத்துக்கொண்டு வந்தேன். அத்தை கடைசி வரிசைக்குப் போய்க் குடையை எடுத்தாள். அதற்குள் மாமா வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

மாமா வாசிப்பது தண்ணீர் மீட்டரை வாசிப்பது மாதிரி. எழுத்து எழுத்தாகப் போவார், பொருள் பின்னால் நடந்து வரும். "தினமும் காலையில் எழுந்ததும் என் மனைவியைத் துணியால் துடைத்து, பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புவேன்."

பொருள் வந்து சேர்ந்தது. மாமா நின்றார். காது சிவந்தது. என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"தொடருங்கள்," என்றார் அடிக்குறிப்பு, குறிப்பேட்டைத் திறந்தபடி. "புதிய பாடம் போலிருக்கிறது."

மாமா எழுந்துவிடப் பார்த்தார். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "படிங்க."

ஒரு வாரத்தில் அத்தை அவரிடம் பேசிய முதல் வார்த்தை. மாமா உட்கார்ந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"சாக்கடைக்குள் இரண்டு கையும் வேலையாக இருக்கும். அப்போது என் மனைவியை வாயில் கவ்விக்கொள்வேன்."

மருந்துக்கடை அக்கா அழலாமா சிரிக்கலாமா என்று தெரியாமல் விக்கினார்.

"சில நாள் என் மனைவி மங்கிப்போவாள். பின்பக்கத்தைத் திருகித் திறந்து, துருவைச் சுரண்டி, இரண்டு தட்டுத் தட்டினால் சரியாகிவிடுவாள்."

யாரோ நாற்காலியிலிருந்து கீழே விழுந்தார்கள். அடிக்குறிப்பு மட்டும் கையை உயர்த்தினார். "சிரிக்காதீர்கள். மனைவி என்பது இங்கே ஒரு குறியீடு. இல்லறம் என்ற உறையைத் திறந்து, பற்று என்ற துருவை நீக்கி..."

"சார்," என்றாள் அத்தை. "நான் குறியீடு இல்ல. இங்கதான் உக்காந்திருக்கேன்."

எழுந்து முன்னால் வந்தாள். மாமாவின் கையிலிருந்த தாள்களை வாங்கிக்கொண்டாள். அடிக்குறிப்பின் கையிலிருந்த பென்சிலையும் வாங்கிக்கொண்டாள். அவர் கொடுக்கவில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

"தொடைச்சுப் பைல போட்டது டார்ச்சு," என்று கோடு போட்டு அடித்தாள். "வாயில கவ்வினது டார்ச்சு. துருப் புடிச்சது டார்ச்சு." பக்கம் புரட்டினாள். "'பேசாமல் மூலையில் நின்றாள்.' பேசாமலா? இதுவும் டார்ச்சுதான்."

கூட்டம் இதற்குக் கைதட்டியது.

"'மழையில் நனைந்தும் அணையவில்லை.' இது நான். அந்த டார்ச்சு மழையில நனைஞ்சு அன்னைக்கே செத்துப்போச்சு. அடுத்தது வாங்கித் தந்ததே நான்தான்." ஒரு வட்டம் போட்டாள். "'கோபத்தில் சுவரில் எறிந்தேன்.' டார்ச்சு. என்னை எறியற அளவுக்கு இவருக்குத் தோள் இல்ல."

அடிக்குறிப்பு மெல்ல எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்று, தாளை எட்டிப் பார்த்தார். இருபது வருஷம் வகுப்பெடுத்தவர், அன்று மாணவர் மாதிரி தலையாட்டினார். "இந்த இடத்தை எப்படி எடுத்துக்கொள்வது அம்மா? பன்னிரண்டாம் பக்கம், 'என் எண்ணெயைக் குடித்துத் தான் எரிந்தாள்'?"

"டார்ச்சுக்கு எண்ணெய் ஏது சார்? நான்தான். வீட்டுக்காக அவர் ஒழைச்சதைச் சொல்றார்." சற்று நிறுத்தி, "கொஞ்சம் அதிகமாத்தான் சொல்றார்," என்றாள்.

முப்பத்தொன்றாம் பக்கத்தில் அத்தையின் பென்சில் நின்றது. அதை உரக்கப் படிக்கவில்லை. ஆனால் டைப் அடித்த எனக்குத் தெரியும். 'நான் எவ்வளவு தாமதமாக வந்தாலும் கதவருகே எரிந்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும்தான் நான் சேறு பூசிய ஆள் இல்லை, ஒரு வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டிய ஆள் என்பது நினைவுக்கு வரும்.' அத்தை அதற்கு வட்டம் போட்டாள். பென்சில் முனை உடைந்துவிட்டது. நான் என் பென்சிலைக் கொடுத்தேன்.

இப்படி நாற்பத்தாறும் முடிந்து, கடைசிப் பக்கம் வந்தது. தொட்டி. அத்தை தாளை மாமாவின் முன்னால் வைத்தாள்.

"இது நான் சொல்லமாட்டேன். நீங்க சொல்லுங்க. மேல வந்தது யாரு?"

மாமா தாளைப் பார்த்தார். பைக்குள் கைவிட்டு ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துக்கொண்டார். எந்தச் சுவரில் வைத்துக் கேட்பது என்று தேடுகிறவர் போல இருந்தது. இப்போது அவர் முகம் வெளியே இருந்தது. ஒளிந்துகொள்ள ஒரு தொட்டியும் இல்லை.

"மொதல்ல டார்ச்சு வந்துச்சு," என்றார். "கண்ணைக் கூசுச்சு. ஒண்ணும் தெரியல. நான் கண்ணை மூடிக்கிட்டேன்."

கீழே இஸ்திரிப் பெட்டி உஸ் என்றது.

"அப்புறம் கேட்டுச்சு, ஏன் இன்னும் உள்ளயே இருக்கீங்கன்னு. அது... அது இவ. மூணு மணி நேரமா உள்ள என்கூட இருந்தாரே ஒருத்தர், அவர்தான் இவளை அனுப்பிச்சிருக்கார்னு நெனச்சேன். என் மனைவியை." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதனாலதான் ரெண்டுக்கும் ஒரே வார்த்தை போட்டேன். தப்புன்னா மாத்திடறேன்."

அத்தை கையிலிருந்த பென்சிலை மேஜையில் வைத்தாள்.

"சாப்பாடு ஆறிப்போச்சுன்னும் சொன்ன," என்றார் மாமா. "அதை எழுதல."

"அதையும் எழுதுங்க," என்றாள் அத்தை.

அடிக்குறிப்பு தன் குறிப்பேட்டில் 'பேரொளி' என்று எழுதியிருந்த பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதை அடிக்கவில்லை. பக்கத்தில் 'சாப்பாடு ஆறிப்போச்சு' என்று எழுதிக்கொண்டார். மருந்துக்கடை அக்கா மட்டும்தான் அன்று அழவில்லை. மற்ற எல்லோரும் அழுததில் அவருக்குக் கைக்குட்டை விநியோகிக்கவே நேரம் சரியாக இருந்தது. என் கண்ணில் தூசி. மின்விசிறியை அவ்வளவு நேரம் அண்ணாந்து பார்த்தால் விழாதா?

அத்தை கடைசி இடத்துக்கு வட்டமும் போட்டு, பக்கத்தில் டார்ச் என்றும் எழுதினாள். பிறகு மொத்தத்தையும் எண்ணினாள். "நான் பத்தொம்பது. டார்ச்சு இருபத்தேழு. இது ஒண்ணு பொது." தாளை மடக்கினாள். "டார்ச்சுக்குத்தான் அதிகம். இருக்கட்டும், வீட்டுக்குப் போய்ப் பேசிக்கறேன்."

படி இறங்கித் தெருவில் நடக்க ஆரம்பித்துவிட்டாள். குடை மறுபடியும் நாற்காலியில். மாமா அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, சலவைக் கடை வாசலில் நின்று, மூச்சை இழுத்துக்கொண்டு, கூப்பிட்டார். பெயர் சொல்லி. தெருவே திரும்பிப் பார்த்தது.

அத்தை திரும்பவில்லை. அந்தக் குரலில் அந்தப் பெயரைக் கேட்டுப் பழக்கமில்லை. வேறு யாரையோ என்று நினைத்துப் போய்க்கொண்டே இருந்தாள். மாமா இன்னொரு தடவையும் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காற்றைப் பார்த்து, "கேக்குதா?" என்றார்.

அத்தை சட்டென்று திரும்பினாள். "என்னங்க?"

மாமா குடையைத் தூக்கிக் காட்டினார்.